பஸஹ்: காதி இல்லாத நாட்டில் ஒரு சட்டத்தின் வரலாறு

திருமணத்தை அல்குர்ஆன் உறுதிமிக்கதோர் உடன்படிக்கையாகக் காண்கின்றது (4:21). அதே அல்குர்ஆன், மனைவியுடன் நன்முறையில் வாழ்தல் அல்லது அவளை நன்முறையில் விடுவித்தல் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது நிலையொன்றைக் கணவனுக்கு அனுமதிக்கவில்லை (2:229). துன்புறுத்தும் நோக்குடன் அவளைத் தடுத்து வைத்திருப்பதை அது வெளிப்படையாகவே கண்டிக்கின்றது (2:231). இவ்வசனங்கள் கணவனின் இறையச்சத்தை நோக்கிப் பேசுகின்றன. ஆனால் அவன் செவிசாய்க்காதபோது செய்யத்தக்கது யாது? சேர்ந்து வாழவும் மாட்டான், விடுவிக்கவும் மாட்டான் என்றொருவன் நிற்கும்போது, அல்லது அவன் எங்கு சென்றான், உயிருடன் இருக்கின்றானா என்பதே தெரியாதபோது, அந்தப் பெண்ணின் நிலை என்ன?

இக்கேள்விக்கு இஸ்லாமியச் சட்டம் அளித்த விடைகளுள் முதன்மையானது 'பஸஹ்' ஆகும். நீதிபதியின் தீர்ப்பினால் திருமண ஒப்பந்தத்தை நீக்கிவிடுதல் என்பது அதன் பொருள். இதற்கான நியாயங்கள் பிக்ஹு நூல்களில் விரிவாகவே பேசப்பட்டுள்ளன. எனினும் பிரித்தானிய இந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் எண்ணற்ற முஸ்லிம் பெண்களுக்கு இவ்வழி நடைமுறையில் அடைபட்டே கிடந்தது. ஷரீஆவில் வழி இல்லாமை அதற்குக் காரணமன்று. தீர்ப்பளிக்கத்தக்க காதி இல்லாமையும், தமது மத்ஹபின் எல்லைக்கு வெளியே நோக்குவதற்கு இருந்த தயக்கமுமே காரணங்களாயின. இவ்விரு தடைகளும் எவ்வாறு தோன்றின, அவற்றுள் ஒன்று எவ்வாறு நீங்கியது, மற்றையது ஏன் இன்னும் முழுமையாக நீங்கவில்லை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணவிலக்கின் வகைகள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது அவசியம். கணவன் தனது உரிமையைப் பயன்படுத்தி மனைவியை விடுவிப்பது தலாக். மனைவி மஹரையோ வேறு ஈட்டையோ கொடுத்துத் தன்னை விடுவித்துக் கொள்வது குல்உ. இதற்குக் கணவனின் இணக்கம் வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்தாகும். எனவே இணங்க மறுக்கும் கணவனிடம் குல்உ பயனளிப்பதில்லை. பஸஹ் என்பதோ கணவனின் சம்மதத்தில் தங்கியதன்று. நியாயம் நிரூபணமானதும் காதியின் அதிகாரமே ஒப்பந்தத்தை நீக்குகின்றது.

தொடக்கத்திலேயே செல்லுபடியற்ற (பாதில்) திருமணத்திலிருந்தும், நிபந்தனைக் குறைவுடைய (பாஸித்) திருமணத்திலிருந்தும் பஸஹ் வேறுபட்டது. முறையாக நிறைவேறிய திருமணத்திலும் பஸஹ் நிகழலாம். அது தலாக்கின் எண்ணிக்கையில் சேர்வதில்லை என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது. இதன் காரணமாகவே, காதி செய்யும் எந்தப் பிரிவு தலாக் பாயினாகக் கொள்ளப்படும், எது பஸஹாகக் கொள்ளப்படும் என்பதைச் சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தனர். கணவனின் ஆண்மைக் குறைவினால் நிகழும் பிரிவு ஹனபி மத்ஹபில் தலாக் பாயினாகும். ஷாபிஈ மத்ஹபில் அது பஸஹாகும்.

முன்மாதிரிகள்

நபி (ஸல்) அவர்களின் காலத்து மூன்று நிகழ்ச்சிகள் இத்துறையில் அடிப்படையானவை. கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவர்களது தந்தை, அவர்களின் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்துக் கொடுத்தார். அவர்கள் நபியவர்களிடம் வந்து முறையிட்டபோது அத்திருமணம் நீக்கப்பட்டது. ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ ஒழுக்கத்திலோ குறை எதையும் கூறாமலேயே, அவருடன் தம்மால் வாழ இயலாது என்றார்கள். மஹராகப் பெற்ற தோட்டத்தை அவர்கள் திருப்பியளிக்க, பிரிவு நிகழ்ந்தது.

மூன்றாவது பரீரா (ரழி) அவர்களின் நிகழ்ச்சி. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், அடிமையான கணவர் முகீஸுடன் தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்னும் தெரிவு அவர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் பிரிவையே தெரிந்தார்கள். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதவராக அவர்களின் பின்னே நடந்தார். நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என பரீரா வினவினார்கள். கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே என்பதை அறிந்ததும் தமது முடிவில் நிலைத்து நின்றார்கள். இறைத்தூதரின் பரிந்துரையே ஒரு பெண்ணின் சட்ட உரிமையை மீறிச் செல்லவில்லை என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் இஸ்லாமிய ஆட்சி விரிவடைந்தது. படையெடுப்புகளிலும் தூரப் பயணங்களிலும் சென்ற ஆண்களின் மனைவியர் புதிய பிரச்சினைகளை எதிர்கொண்டனர். காணாமற்போனவனின் மனைவி நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை அனுஷ்டித்து மறுமணம் செய்யலாம் என அவர்கள் தீர்ப்பளித்ததாக முவத்தாவில் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆண்மைக் குறைவுடையவனுக்கு ஓராண்டு தவணை வழங்கும் தீர்ப்பும் அவர்களைச் சார்ந்தது. ஊரில் இல்லாத வீரர்கள் தம் மனைவியருக்குச் செலவுக்கு அனுப்ப வேண்டும், இன்றேல் விடுவிக்க வேண்டும் எனப் படைத் தளபதிகளுக்கு அவர்கள் எழுதியமையும் அறிவிக்கப்படுகின்றது. சமூக நிலை மாறும்போது எழும் துன்பத்தை ஆட்சியாளர் பொறுப்பேற்றுத் தீர்த்தமைக்கு இவை தெளிவான சான்றுகளாகும்.

மத்ஹபுகளின் அணுகுமுறை

இம்முன்மாதிரிகளிலிருந்து சட்டவிதிகளை வகுத்தபோது இமாம்கள் வெவ்வேறு முடிவுகளை அடைந்தனர். இமாம் அபூஹனீபா (மறைவு ஹி. 150/கி.பி. 767) அவர்களும் அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுபும் மனைவி காதியிடம் பிரிவு கோரும் வாயிலை மிகக் குறுகியதாக வைத்தனர். கணவன் ஆண்மையற்றவனாகவோ உறுப்பு நீக்கப்பட்டவனாகவோ இருந்தால் மட்டுமே அவள் கோரலாம். மற்றொரு மாணவரான இமாம் முஹம்மத் பின் ஹஸன் (மறைவு ஹி. 189/கி.பி. 805) பைத்தியம், குஷ்டம், வெண்குஷ்டம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். சிறுமியாக இருக்கையில் தந்தையோ பாட்டனாரோ அல்லாத வலியினால் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள், பருவமடைந்ததும் அத்திருமணத்தை மறுக்கும் உரிமையும் (கியாருல் புலூக்) இம்மத்ஹபில் உண்டு. அதுவும் காதியின் தீர்ப்பைக் கொண்டே நிறைவுறும்.

செலவுக்குக் கொடுக்க இயலாத கணவனைப் பொறுத்து ஹனபி அறிஞர்களின் வாதம் வருமாறு: வறுமை ஒரு கடனாளியின் நிலையைப் போன்றது. கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் பணிக்கின்றது (2:280). ஆகவே காதி அவளுக்குக் கணவன் பெயரில் கடன்பெற அனுமதி வழங்கலாமே தவிர, பிரித்து வைக்கலாகாது. காணாமற்போனவனைப் பொறுத்தும், உறுதியான செய்தி வரும்வரை மனைவி பொறுத்திருக்க வேண்டும் என்னும் அலீ (ரழி) அவர்களின் கருத்தை அவர்கள் தழுவினர். அவனது சமவயதினர் யாவரும் மரணிக்கும் காலம் வரை அவன் உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படுவான். பிறப்பிலிருந்து தொண்ணூறு ஆண்டுகள் என அக்காலத்தைச் சிலர் வரையறுத்தனர். இருபது வயதில் கணவனைப் பிரிந்த பெண்ணுக்கு இதன் கருத்து ஆயுள் முழுதும் காத்திருத்தல் என்பதேயாகும்.

இமாம் ஷாபிஈ (மறைவு ஹி. 204/கி.பி. 820) அவர்களின் மத்ஹபில், கணவனின் இயலாமை காதியிடம் நிரூபணமானால் மூன்று நாள் அவகாசத்தின் பின் பஸஹ் செய்யலாம். வசதியிருந்தும் கொடுக்க மறுப்பவனின் நிலை வேறு. அவனது சொத்திலிருந்து காதி பெற்றுக் கொடுக்க இயலுமாதலால் அங்கு பஸஹ் இல்லை என்பதே இம்மத்ஹபின் வலுவான கருத்து. இமாம் மாலிக் (மறைவு ஹி. 179/கி.பி. 795) அவர்களின் மத்ஹப் மிக விரிந்த இடமளித்தது. செலவுக்குக் கொடாமை, நீண்டகாலப் பிரிந்திருத்தல், துன்புறுத்தல் (ழரர்) யாவும் அங்கே பிரிவுக்கான நியாயங்கள். கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றும்போது இருதரப்பிலிருந்தும் நடுவர்களை நியமிக்குமாறு பணிக்கும் வசனத்தை (4:35) விளக்கும்போது, அந்நடுவர்களுக்குப் பிரித்து வைக்கும் அதிகாரமும் உண்டு என மாலிகி அறிஞர்கள் கொண்டனர்.

இவ்வேறுபாடுகள் காகிதத்தில் கடுமையாகத் தோன்றினும் பழைய இஸ்லாமிய நகரங்களில் பெண்களை முற்றாக முடக்கிவிடவில்லை. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் ஹி. 663இல் (1265) கெய்ரோவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனியே தலைமைக் காதிகளை நியமித்தார். பின்னர் உஸ்மானியர் ஆட்சியில் ஹனபி மத்ஹப் அரச மத்ஹபாக விளங்கிய போதும், சிரியாவிலும் பலஸ்தீனத்திலும் கைவிடப்பட்ட பெண்கள் ஷாபிஈ நீதிபதியிடம் பஸஹ் பெற்றனர். ஹனபி காதி அதனை ஏற்று உறுதிப்படுத்தினார். ரம்லாவின் புகழ்பெற்ற ஹனபி முப்தி கைருத்தீன் அர்ரம்லீ (மறைவு ஹி. 1081/கி.பி. 1671) இத்தகைய தீர்ப்புகள் செல்லும் என பத்வா வழங்கினார். டமஸ்கஸின் இப்னு ஆபிதீன் (மறைவு ஹி. 1252/கி.பி. 1836), காணாமற்போனவன் விடயத்தில் தேவை கருதி மாலிகி கருத்தைக் கொண்டு பத்வா வழங்கலாம் என்பதைப் பதிவு செய்துள்ளார். ஆக, ஒரு மத்ஹபின் இறுக்கத்தை மற்றொரு மத்ஹபின் காதி தளர்த்தினார். இந்த ஏற்பாட்டுக்கு உயிராக விளங்கியது காதி என்ற நிறுவனமேயாகும்.

காதி இல்லாத நாடு

இந்தியாவில் இந்நிறுவனமே வலுவிழந்து போயிற்று. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி திருமணம், வாரிசுரிமை போன்ற விடயங்களில் முஸ்லிம்களுக்கு அவர்களது சட்டமே ஏற்புடையதாயிற்று. ஆனால் அச்சட்டம் எது என்பதைக் கம்பனியின் நீதிமன்றங்கள் ஒருசில ஹனபி நூல்களிலிருந்தே அறிந்து கொண்டன. சார்ல்ஸ் ஹமில்டன் 1791இல் ஹிதாயாவை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பதாவா ஆலம்கீரியை அடிப்படையாகக் கொண்ட பெய்லியின் தொகுப்பு 1865இல் வெளிவந்தது. உயிருள்ள முப்தியிடம் கேட்டுத் தெளியப்பட்ட சட்டம் இவ்வாறு அச்சிட்ட பக்கங்களுக்குள் உறைந்து போயிற்று. 1897இல் இலண்டன் பிரிவி கவுன்சில், பழம்பெரும் உரையாசிரியர்களின் கருத்துக்கு மாறாக அல்குர்ஆனுக்குப் புதிய விளக்கமளிப்பது நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது என்றது. இது அவ்வுறைவை மேலும் இறுக்கியது.

இதற்கிடையில் 1864ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றங்களுக்கு ஆலோசனை வழங்கிய மௌலவிகளின் பதவிகளை ஒழித்தது. அரசாங்கம் காதிகளை நியமிப்பதும் அத்துடன் நின்றது. திருமணங்களை நடத்தவும் பதிவு செய்யவும் காதிகள் தேவை என்ற முஸ்லிம்களின் கோரிக்கையால் 1880இல் காதிகள் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் சென்னை மாகாணத்திற்கே அது ஏற்புடையதாயிற்று. ஆயினும் அச்சட்டத்தின்படி நியமிக்கப்படும் காதிக்கு நீதி அதிகாரமோ நிருவாக அதிகாரமோ எதுவுமில்லை என அதன் நான்காம் பிரிவு தெளிவாகவே உரைத்தது. பெயர் எஞ்சியது, பணி மறைந்தது. கணவன் கைவிட்ட ஹனபிப் பெண், பிரித்தானிய நீதிமன்றத்தை அணுகினால் ஹிதாயாவின்படி பிரிவுக்கு இடமில்லை என்ற விடை கிடைத்தது. உலமாக்களை அணுகினாலோ, தீர்ப்பளிக்கும் அதிகாரமுள்ள காதி இந்நாட்டில் இல்லை என்ற விடை கிடைத்தது.

மதமாற்றம் என்னும் துயர வழி

இந்நிலையில் சில பெண்கள், குறிப்பாகப் பஞ்சாபில், மனம் பதறவைக்கும் வழியொன்றைக் கைக்கொண்டனர். ஹனபி மத்ஹபின் பரவலாக அறியப்பட்ட கருத்தின்படி, தம்பதியரில் ஒருவர் இஸ்லாத்தைத் துறந்தால் திருமணம் உடனே முறிந்துவிடும். அத்தகைய பெண்ணைத் தடுத்து வைத்து, இஸ்லாத்துக்கு மீட்டு, பழைய கணவனுக்கே மணமுடித்துக் கொடுக்க வேண்டும் என்ற தொடர் விதியும் அந்நூல்களில் உண்டு. பிரித்தானிய நீதிமன்றங்கள் முதல் விதியை மட்டும் எடுத்துக் கொண்டன. இரண்டாவதை அவை செயற்படுத்தவில்லை. எனவே, இஸ்லாத்தை விட்டு வெளியேறியதாக அறிவித்தால் விடுதலை நிச்சயம் என்ற நிலை உருவாயிற்று. ஈமானைக் காப்பதற்காக வகுக்கப்பட்ட விதி, ஈமானை இழக்கத் தூண்டும் விதியாக மாறிற்று.

இதனை அல்லாமா இக்பால் தெளிவாகக் கண்டார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பின் பேரில் எழுதி, சென்னையிலும் ஹைதராபாத்திலும் அலிகாரிலும் நிகழ்த்திய அவரது சொற்பொழிவுகள் 1930இல் நூலுருப் பெற்றன. அந்நூலில் இஜ்திஹாத் பற்றிய பகுதியில், விருப்பமற்ற கணவரிடமிருந்து விடுபடுவதற்காகப் பஞ்சாபின் முஸ்லிம் பெண்கள் மதம் மாறும் நிலைக்குத் தள்ளப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். ஹிதாயாவின் அவ்விதி இந்நாட்டில் மார்க்கத்தின் நலனைக் காக்கின்றதா என்றும் வினவினார்.

கவிஞரின் வினாவுக்குச் சட்டமுறைப்படி விடை தந்தவர் ஹனபி மரபில் உறுதியாக நின்ற மௌலானா அஷ்ரப் அலீ தானவீ ஆவார். 1930களின் தொடக்கத்தில் வெளியான அவரது நூலின் பெயர் 'அல்ஹீலதுந் நாஜிஸா லில்ஹலீலதில் ஆஜிஸா'. இயலா நிலையிலுள்ள மனைவிக்குப் பயன்தரும் வழிமுறை என அதனைப் பெயர்க்கலாம். இதன் ஆக்கத்தில் முப்தி முஹம்மத் ஷபீஉ போன்ற அறிஞர்கள் அவருக்குத் துணைநின்றனர். மதீனாவில் வாழ்ந்த மாலிகி மத்ஹப் அறிஞர்களிடம் எழுத்து மூலம் விளக்கங்கள் பெறப்பட்டன. மற்றொரு மத்ஹபின் கருத்தை அரைகுறையாக அன்றி, அதன் எல்லா நிபந்தனைகளுடனும் எடுக்க வேண்டும் என்பதில் தானவீ காட்டிய கண்டிப்பு இதிலிருந்து புலனாகின்றது.

நூலின் முடிவுகளை மூன்றாகச் சுருக்கலாம். முதலாவது, மனைவி மதம் மாறுவதால் மட்டும் திருமணம் முறிவதில்லை. இது புதிய கருத்தன்று; பல்கு, சமர்கந்து நகரங்களின் முற்கால ஹனபி அறிஞர்கள் இதே தந்திரத்தைத் தடுப்பதற்காகக் கூறிய கருத்தேயாகும். இரண்டாவது, காணாமற்போனவன், செலவுக்குக் கொடாதவன், மனநோயாளி ஆகியோரின் மனைவியர் விடயத்தில் மாலிகி மத்ஹபின்படி பிரிவு வழங்கலாம். மூன்றாவது, முஸ்லிம் காதி இல்லாத இடத்தில், மாலிகி மத்ஹப் அனுமதிப்பதற்கிணங்க, மார்க்கப்பற்றுள்ள குறைந்தது மூவர் கொண்ட முஸ்லிம் ஜமாஅத் காதியின் இடத்திலிருந்து தீர்ப்பளிக்கலாம்.

முதல் முடிவு மதமாற்ற வழியை அடைத்தது. ஏனைய இரண்டும் அதற்கு ஈடாக நேரிய வழியைத் திறந்தன. முதலாவதை மட்டும் செய்திருந்தால் அது அநீதியாக முடிந்திருக்கும். மூன்றையும் ஒருசேர நோக்கும்போதே அந்நூலின் நீதியுணர்வு விளங்குகின்றது.

இதே காலத்தில் ஏனைய முஸ்லிம் நாடுகளும் இத்திசையில் நடந்தன. உஸ்மானிய அரசு 1915இல் பிறப்பித்த ஆணைகளும், 1917ஆம் ஆண்டின் குடும்பச் சட்டமும், எகிப்தின் 1920, 1929ஆம் ஆண்டுச் சட்டங்களும் ஹனபி அல்லாத மத்ஹபுகளிலிருந்து பிரிவுக்கான நியாயங்களை எடுத்துக் கொண்டன. ஆனால் அங்கெல்லாம் அரசும் நீதிபதியும் முஸ்லிம்கள். இந்தியாவின் பிரச்சினை அதனினும் சிக்கலானது.

1939ஆம் ஆண்டுச் சட்டம்

ஜம்இய்யதுல் உலமாயே ஹிந்தின் ஆதரவுடன் முஹம்மத் அஹ்மத் காஸ்மி 1936இல் மத்திய சட்டசபையில் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். ஹனபிச் சட்டம் துன்பம் விளைவிக்கும் இடத்தில் ஏனைய மத்ஹபுகளைப் பின்பற்றலாம் என ஹனபி அறிஞர்களே கூறியுள்ளனர் என்பது அதன் நோக்கவுரையில் எடுத்துக்காட்டப்பட்டது. 1939 மார்ச் 17இல் அது முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு மனைவி வழக்கிடத்தக்க நியாயங்களை நிரற்படுத்துகின்றது. கணவன் நான்கு ஆண்டுகளாக எங்கிருக்கின்றான் எனத் தெரியாமை, இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடாமை, ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குச் சிறைத்தண்டனை, தகுந்த காரணமின்றி மூன்று ஆண்டுகள் மணவாழ்வின் கடமைகளைச் செய்யாமை, திருமணத்தின் போதிருந்தே தொடரும் ஆண்மைக் குறைவு, இரண்டு ஆண்டுகள் நீடித்த பைத்தியம், கடும் பால்வினை நோய் ஆகியன அவற்றுட் சில. பதினைந்து வயதுக்கு முன் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண், தாம்பத்தியம் நிகழாதவிடத்து, பதினெட்டு வயதுக்கு முன் அத்திருமணத்தை மறுக்கலாம். மணமுடித்துக் கொடுத்தவர் தந்தையாயினும் இவ்வுரிமை உண்டு என்பது பழைய ஹனபி விதியினின்றும் வேறுபட்ட அம்சமாகும்.

கொடுமை என்ற நியாயம் விரிவாக விளக்கப்பட்டது. உடல்ரீதியான தாக்குதல் மட்டுமன்றி, வாழ்வைத் துன்பமாக்கும் நடத்தையும், மனைவியின் சொத்தை விற்பதும், அவளது வணக்கங்களுக்கு இடையூறு செய்வதும், பலதாரங்களுக்கிடையே அல்குர்ஆன் விதித்த நீதியைப் பேணாமையும் அதனுள் அடங்கும். இவற்றுக்கு மேலாக, ஷரீஆ அங்கீகரிக்கும் வேறெந்த நியாயத்தையும் மனைவி முன்வைக்கலாம் என இறுதியில் ஒரு பொதுவிதி சேர்க்கப்பட்டது. பட்டியலில் முதலில் இடம்பெற்றிருந்த குஷ்டரோகம், 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. மருத்துவத்தால் குணமாகும் நோயாக அது மாறிவிட்டமையே இதன் காரணம்.

நடைமுறையிலும் பிக்ஹின் சுவடுகளைக் காணலாம். காணாமற்போனவன் தொடர்பான வழக்கில் அவனது வாரிசுகளுக்கு அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். தீர்ப்பு வழங்கப்பட்டாலும் ஆறு மாதங்கள் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து தன் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாயிருந்தால் தீர்ப்பு விலக்கப்படும். ஆண்மைக் குறைவு விடயத்தில் கணவன் வேண்டினால் ஓராண்டு அவகாசம் உண்டு. உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு பதின்மூன்று நூற்றாண்டுகளின் பின் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டமொன்றில் இடம்பெற்றமையை இங்கு காண்கின்றோம். நான்காம் பிரிவு, முஸ்லிம் பெண் மதம் மாறுவதால் மட்டும் திருமணம் முறியாது என்றது. ஐந்தாம் பிரிவு, திருமண முறிவினால் மஹர் உரிமை பாதிக்கப்படாது என்றது.

எஞ்சிய பிரச்சினை

எனினும் உலமாக்கள் மிக முக்கியமாகக் கருதிய ஓர் அம்சம் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதியே அது. நியாயங்கள் ஷரீஆவினுடையவை, நீதிபதியோ ஷரீஆ வகுத்த தகுதியுடையவர் அல்லர் என்ற நிலையை அவர்களுள் பலரால் ஏற்க முடியவில்லை. அதன் விளைவு, சட்டத்தின் பார்வையில் விடுதலை பெற்ற பெண், தன் ஊராரின் பார்வையில் மனைவியாகவே தொடர நேரிட்டது. மறுமணம் செய்யும்போது அவளது இரண்டாம் நிகாஹ் ஐயத்துக்குள்ளாயிற்று.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றவை தாருல் களாக்களாகும். மௌலானா அபுல் மஹாஸின் முஹம்மத் ஸஜ்ஜாத் 1921இல் பீகாரில் நிறுவிய இமாரதே ஷரஇய்யா இதில் முன்னோடியாக விளங்கியது. அங்கு பெறும் தீர்ப்பு சமூகத்தின் மனச்சான்றை அமைதிப்படுத்தியது. ஆனால் அரசின் ஏற்பைப் பெறவில்லை. இத்தகைய மன்றங்கள் சட்டவிரோதமானவை அல்ல, ஆயினும் அவற்றின் தீர்ப்புகளுக்குச் சட்ட வலு இல்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இவ்விருமையைப் பிரதிபலிக்கின்றன. கணவன் இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடாதிருந்தால், காரணம் எதுவாயினும் மனைவிக்குப் பிரிவு கோரும் உரிமை உண்டு என 1970இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் வீ. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். 2021இல் அதே நீதிமன்றம், குல்உ போன்றவற்றை மனைவி நீதிமன்றத்துக்கு வெளியே பெறலாம், பஸஹ் மட்டும் நீதிமன்றத்தின் வாயிலாகவே நிகழ வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023இல், தனியார் அமைப்புகள் வழங்கும் குல்உச் சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்றது. அச்சான்றிதழை நம்பி வாழ்வைத் திட்டமிடும் பெண்ணுக்கு இதன் விளைவு சிறியதன்று.

இலங்கையின் அனுபவம்

இந்தியா இழந்த காதியை இலங்கை வேறு வடிவில் பெற்றது. 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக்கோவையைத் தொடர்ந்து, 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதிகளுக்கு நீதி அதிகாரம் வழங்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954இல் அதன் இடத்தைப் பிடித்தது. இதில் பஸஹுக்கான நியாயங்கள் பட்டியலிடப்படவில்லை. தம்பதியர் சார்ந்த மத்ஹபின் சட்டமே அளவுகோலாயிற்று. காதி, மூன்று முஸ்லிம் மதியுரைஞர்களுடன் அமர்ந்து மனைவியின் முறையீட்டை விசாரிப்பார். அவரது தீர்ப்பின் மேல் காதிகள் சபைக்கும், அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம்.

எனவே நீதிபதியின் தகைமை பற்றிய ஐயம் இங்கு எழவில்லை. ஆனால் வேறு கேள்விகள் எழுந்தன. சட்டத்தரணிகள் தோன்ற அனுமதியற்ற அம்மன்றத்தில், எழுத்தறிவு குறைந்த பெண் தன் முறைப்பாட்டை எவ்வாறு நிறுவுவாள்? கணவனுக்கு ஓரிரு மாதங்களில் நிறைவேறும் தலாக்கும், மனைவிக்குப் பல தவணைகளாக நீளும் பஸஹும் நீதியில் சமமாகுமா? நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு, 2018இல் அறிக்கை சமர்ப்பித்தபோது இத்தகைய கேள்விகளே நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. காதி இருத்தல் மட்டும் போதாது, அவரை அணுகும் வழி எளிதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

முடிவாக

இவ்வரலாற்றில் மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் இடையிலான போராட்டத்தை மட்டும் காண்போர் அதன் பாதியையே காண்கின்றனர். 1930களில் பெண்களுக்கு வழிதிறந்தவர்கள் மரபில் ஊறிய அறிஞர்களே. அவர்கள் பயன்படுத்திய கருவிகளும் மரபின் கருவிகளே: முற்கால ஹனபி அறிஞர்களின் கருத்து, மாலிகி மத்ஹபின் விதி, தேவை கருதி மத்ஹபைக் கடத்தல் ஆகியன. ஆயினும் அக்கருவிகள் யாவும் பல நூற்றாண்டுகளாக நூல்களில் இருந்தவை. கைவிடப்பட்ட பெண்கள் ஈமானையே பணயம் வைத்த பின்னரே அவை கையிலெடுக்கப்பட்டன என்ற உண்மையையும் மறைத்தல் தகாது.

பஸஹின் நியாயங்களைப் பொறுத்தவரை இன்று பெரிய சர்ச்சை எதுவுமில்லை. எவர் தீர்ப்பளிப்பது, எவ்வளவு காலத்தில், அத்தீர்ப்பை அரசும் சமூகமும் ஒருங்கே ஏற்பது எவ்வாறு என்பனவே தீராத வினாக்கள். நான்கு ஆண்டுகள் என உமர் (ரழி) அவர்கள் எல்லையிட்டது, ஒரு பெண்ணின் காத்திருப்புக்கு முடிவொன்று இருக்க வேண்டும் என்பதற்காகவே. நீதிமன்றத்துக்கும் ஜமாஅத்துக்கும் இடையே அவள் மேலும் பல ஆண்டுகள் அலைக்கழிக்கப்படுவாளாயின், அந்த எல்லையின் நோக்கம் தோற்றுப் போகின்றது. இதனை உணர்ந்து, இரு தரப்பும் ஏற்கும் நடைமுறையொன்றை வகுப்பது உலமாக்களும் சட்ட அறிஞர்களும் ஒன்றிணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.